மறுக்கும் உரிமை: உழைப்பும் சாதியும் பற்றிய ஒரு வரலாற்றுப் பார்வை

(வெண்மணி ஈகியர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைபட்டு எரிந்துபோன 44 பேரின் நினைவாக நாம் கூடியிருக்கிறோம். அவர்கள் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். அரைப்படி நெல்லுக்காக ஏன் இத்தனை உயிர்களை எடுத்தார்கள் என்ற கேள்விக்குப் பல விடைகள் உண்டு. கூலித் தகராறு என்றார்கள் சிலர். கட்சித் தகராறு என்றார்கள் வேறு சிலர். சாதி என்றோம் நாம். இந்த உரையில் அந்தக் கேள்விக்குச் சற்றுப் பின்னாலிருந்து வருவோம். நவீன சமூகத்தில் வேலை என்பதற்கு என்ன பொருள்? யார் எந்த வேலையைச் செய்வது, யார் எதைச் செய்யாமல் இருக்கலாம் என்ற விதிகளை எழுதியவர்கள் யார்?

பாடநூல் இதற்கு எளிய விடை தருகிறது. முன்பு பிறப்பு தொழிலைத் தீர்மானித்தது. இப்போது ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. வேலை கொடுப்பவரும் செய்பவரும் சம்மதித்துக் கூலி பேசிக்கொள்கிறார்கள். எந்தத் தொழிலும் இழிவில்லை. இப்படித்தான் நம் பிள்ளைகள் தேர்வில் எழுதுகிறார்கள்.

நம் மக்களின் வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த விடை பாதியிலேயே நின்றுபோகிறது. நெல்லுக்குப் பதில் பணமாகக் கூலி வாங்கிய நாளிலேயே நம் பாட்டன்மார் நவீன காலத்துக்குள் வந்துவிடவில்லை. 'இந்த வேலையைச் செய்ய மாட்டேன்' என்று சொல்லிவிட்டு, அன்றிரவு தன் வீட்டில் தன் சோற்றைத் தின்று படுத்து, மறுநாள் வேறு வேலை தேடிப் போக ஒருவரால் முடிகிறதா? அதுதான் அளவுகோல். மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. இந்த அளவுகோலோடு ஏறத்தாழ 180 ஆண்டுகளை அளந்து பார்ப்போம்.

களமும் மனையும்

பழைய செங்கல்பட்டு, தஞ்சாவூர் மாவட்டங்களின் மிராசு ஊர்களில் நிலம் சிலருடைய காணி. உழுது, நட்டு, அறுத்தவர்கள் பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் அந்த நிலத்தோடு கட்டுண்டு கிடந்தார்கள். ஊருக்குப் பொதுவான ஊழியங்களும் பிறப்போடு ஒட்டியிருந்தன. வாய்க்காலில் நீர் பாய்ச்சுவது, சாவுச் சேதி சொல்வது, பறையடிப்பது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, சுடுகாட்டில் பிணத்தை எரிப்பது எல்லாம் சேரிக்கு உரியவை. அறுப்புக் காலத்தில் களத்தில் அவர்களுக்கு அளந்த தானியத்துக்கு 'மேரை' என்று பெயர். அதே விளைச்சலிலிருந்து மிராசுதாரர் தமக்கென எடுத்துக்கொண்ட பங்குக்கு இருந்த பெயரை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பெயர் 'சுதந்திரம்'. நாம் விடுதலைக்கு வைத்திருக்கும் இந்தச் சொல், ஒரு காலத்தில் உழாதவர் களத்தில் எடுத்த பங்கின் பெயராக இருந்தது.

1843இல் இயற்றிய ஐந்தாம் சட்டம், அடிமையின் மேல் ஒருவர் கோரும் உரிமையை இனி நீதிமன்றம் ஏற்காது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஏட்டில் அடிமைமுறை முடிந்தது. ஆனால் இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவே 1859இல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை விட்டுப் போனால், வேலையை முடிக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ மாஜிஸ்திரேட்டு உத்தரவிடலாம். அதை மீறினால் மூன்று மாதம் வரை சிறை. முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் அது சிவில் வழக்கு; தொழிலாளி மீறினால் ஜெயில். இந்தச் சட்டத்தை நீக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தம் என்ற நவீனச் சொல் நம் மக்களின் வாழ்க்கைக்குள் நுழைந்த விதம் இது.

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் அளித்த அறிக்கையை நாம் பஞ்சமி நிலத்தோடு மட்டும் சேர்த்து நினைக்கிறோம். அது சரிதான். 1892இல் அரசு ஆணை பிறந்ததும், ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டதும் அதன் தொடர்ச்சியே. ஆனால் அந்த அறிக்கையின் இன்னொரு பகுதி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சேரிக் குடிசை நின்ற மனையும் பல இடங்களில் மிராசுதாரரின் பிடியில் இருந்தது. கடன் சீட்டு ஒரு கயிறு. மனை இன்னொரு கயிறு. வேலையை விட்டால் வீடும் போகும். சங்கிலி பூட்ட வேண்டிய தேவையே இல்லை. குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971இல். டிரமென்ஹீர் எழுதி 80 ஆண்டுகள் கழித்து, வெண்மணி எரிந்து மூன்று ஆண்டுகள் கழித்து.

இடையில் ஊரை விட்டு ஓடியவர்கள் ஏராளம். கோலார் தங்கவயல், இரயில்வே, பட்டாளம், பர்மா, மலேயா, இலங்கை. ஓடியது வறுமையால் மட்டும் என்று எழுதுவது பாதி உண்மை. ஓடுவதும் ஒரு மறுப்பு. போன இடத்தில் கயிறு வேறு வடிவத்தில் காத்திருந்தது. இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்ற முறை இருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த அந்தச் சீட்டு இல்லாமல் அவர் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது. 'கூலி' என்பது தமிழில் செய்த வேலைக்குக் கொடுப்பது. அந்தக் கப்பல்களிலும் தோட்டங்களிலும் அது மனிதரையே குறிக்கும் பெயராகிவிட்டது.

ஆலைக்குள்ளும் அதே கோடு

நகரமும் ஆலையும் சாதியை உடைக்கும் என்ற நம்பிக்கை அன்று பலருக்கு இருந்தது. ஓரளவு உடைந்தது. ஒரே சங்கு ஊதினால் எல்லாரும் உள்ளே போனார்கள். சென்னையில் 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடையே தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதற் பக்கங்களில் இருக்கிறது. அதே ஆலைகளின் 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அவர்களைக் கருங்காலிகள் என்று எழுதிய வரலாறு, பின்னால் நிலமோ ஊரோ உறவின் சேமிப்போ இல்லாத ஒரு தொழிலாளி எத்தனை நாள் பட்டினி கிடந்து போராட முடியும் என்று கேட்கவில்லை. வேலைநிறுத்தம் செய்வதற்கும் ஒரு பின்புலம் வேண்டும். மறுக்கும் ஆற்றலும் சாதியால் பங்கிடப்பட்டிருந்தது.

பம்பாயில் இது இன்னும் அப்பட்டம். அங்கே பஞ்சாலைகளின் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். தீண்டப்படாதோருக்கு அங்கே இடமில்லை. தறியில் ஓடும் நாடாவில் நூல் கோக்கும்போது வாயை வைத்து உறிஞ்ச வேண்டியிருந்தது. ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைக்க வேண்டும். ஆங்கில இயந்திரம், நவீனச் சந்தை, செங்கொடிச் சங்கம் எல்லாம் இருந்தும் எச்சில் தீட்டு யாருக்கு எவ்வளவு கூலி என்பதைத் தீர்மானித்தது. 1928 பொது வேலைநிறுத்தத்தின்போது இந்தக் கேள்வியைச் சங்கத் தலைவர்கள் முன் வைத்தவர் அண்ணல் அம்பேத்கர்.

கோலார் தங்கவயலையும் பாருங்கள். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்துவிட்டது. வட ஆர்க்காட்டிலிருந்து போன நம் மக்கள் பூமிக்கடியில் உயிரைக் கொடுத்துத் தங்கம் எடுத்தார்கள். அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்கு அங்கே கிளை இருந்தது. அத்தனை நவீனமான அந்தச் சுரங்க நகரின் உலர் கழிப்பறைகளை மனிதர் கையால் அள்ளினார்கள். மலம் அள்ளும் முறைக்கு எதிராக நாடு முழுதும் இயக்கம் கட்டிய பெஜவாடா வில்சன் பிறந்தது அந்த ஊரில், அந்த வேலையைச் செய்த குடும்பத்தில். மின்விளக்குக்கும் மலக்கூடைக்கும் நடுவே முரண்பாடு எதையும் அந்த நவீனம் காணவில்லை.

மறுப்பை உரிமையாக்கியவர்

1936ஆம் ஆண்டை நாம் நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆண்டு அம்பேத்கர் 'சாதியை அழித்தொழித்தல்' நூலை வெளியிட்டார். சாதி என்பது வேலைப் பிரிவினை என்று வாதிட்டவர்களுக்கு அவர் சொன்ன மறுமொழி நம் எல்லாருக்கும் தெரியும்: சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைக்கும் மனிதர்களையே பிரித்து, மேல் கீழாக அடுக்குகிறது. அதே ஆண்டு நவம்பரில் காந்தியார் தம் 'ஹரிஜன்' இதழில், நல்ல துப்புரவாளி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார். அந்த வேலையை அறிவோடும் கடமை உணர்வோடும் செய்து பெருமைக்குரியதாக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஒருவர் வேலையைப் புனிதமாக்கப் பார்த்தார். மற்றவர் அந்த வேலையிலிருந்து வெளியே போகும் வழியைக் கேட்டார். இன்றுவரை இந்த நாட்டின் துப்புரவுக் கொள்கை முதல் கருத்தின் நிழலில்தான் நடக்கிறது.

அம்பேத்கர் இதைத் தத்துவமாக விட்டுவிடவில்லை. மராட்டிய ஊர்களில் மகர்களைப் பரம்பரை ஊழியத்தில் கட்டி வைத்தது 'வதன்' முறை. சிறு துண்டு நிலத்துக்காகக் குடும்பமே நாள் முழுதும் சர்க்காருக்கும் ஊருக்கும் ஏவல் செய்ய வேண்டும். அந்தச் சட்டத்தைத் திருத்த 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் மசோதா கொண்டுவந்தார். வதன்தாரர் சிலரே தயங்கினார்கள். இருக்கும் காணியும் போய்விடுமோ என்ற அச்சம். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. விடுபடுபவரின் கையில் நிலம் நிற்க வேண்டும் என்பதை அவர் தொடர்ந்து வற்புறுத்தினார். அந்த முறை சட்டப்படி ஒழிந்தது 1958இல், அவர் மறைந்த பிறகு.

1938 செப்டம்பரில் பம்பாய் அரசு தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. சில வகை வேலைநிறுத்தங்களைக் குற்றமாக்கும் மசோதா அது. அம்பேத்கர் அவையில் எழுந்து சொன்னதன் சாரம் இது: ஒருவர் தன் உழைப்பைத் தர மறுப்பதைக் குற்றமாக்கித் தண்டித்தால், அவரை அடிமையாக்குகிறீர்கள் என்று பொருள், வேலைநிறுத்த உரிமை என்பது சுதந்திர உரிமையின் இன்னொரு பெயர். அந்த ஆண்டு நவம்பர் 7இல் பம்பாயில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் பொதுவுடைமையினரும் சேர்ந்து ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். மறுக்கும் உரிமை என்று நாம் சொல்வதற்கு இந்திய அரசியலில் இதைவிடத் தெளிவான அடிப்படை வேறில்லை. 1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினரானபின் எட்டு மணி நேர வேலையை முன்னெடுத்தவரும் அவர்தான். 1946 திருத்தச் சட்டம் ஆலைகளில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. ஆனால் வயலுக்கு மணிக்கணக்கு வரவில்லை. விடியுமுன் இறங்கி இருட்டியபின் கரையேறுவதே அங்கே நேரம்.

தஞ்சையும் வெண்மணியும்

வயலில் அந்த நேரத்தை முதலில் கேள்வி கேட்டது கீழத்தஞ்சை. சாட்டையடியையும் சாணிப்பாலையும் நிறுத்த 1944இல் பண்ணையடிமைகள் பி. சீனிவாசராவ் தலைமையில் சங்கம் கண்டு போராடினார்கள். 1952இல் தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக் கூடாது என்றது சட்டம். மிராசுதாரர் பலர் பண்ணையாள் என்ற உறவையே கைவிட்டு, நாள்கூலிக்கு ஆள் பிடித்தார்கள். பண்ணையாள் கூலியாள் ஆனார். இதை நாம் முழு வெற்றியென்றோ முழுத் தோல்வியென்றோ சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கான பாதுகாப்புப் போயிற்று. ஆனால் நாள்கூலி ஆள் கூலி பேசலாம், சங்கத்தில் சேரலாம், அறுப்பு நாளில் அரிவாளைக் கீழே வைக்கலாம்.

வெண்மணியில் நடந்தது இதுதான். அரைப்படி நெல்லைக் கொடுப்பது மிராசுதாரருக்குப் பெரிய இழப்பில்லை. சேரி மக்கள் செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக வேண்டும் என்பதே நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் வற்புறுத்தல். 'முடியாது' என்ற சொல்தான் அங்கே எரிக்கப்பட்டது. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. நடவையும் களையையும் அறுப்பையும் சுமந்த பெண்கள் ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கினார்கள். வீட்டு உழைப்புக்கு அதுவும் இல்லை. கூலிப் போராட்ட வரலாறு எழுதும்போது அவர்கள் 'குடும்பத்தினர்' ஆகிவிடுகிறார்கள். அந்தக் குடிசைக்குள் இருந்தவர்களில் தொழிலாளர் பலர் என்று எழுதினால்தான் கணக்குச் சரியாகும்.

வழக்கில் கீழமை நீதிமன்றம் தண்டித்த மிராசுதாரர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் இருந்த ஒரு வாதம் நம் பொருளின் நடுவில் நிற்கிறது. பெருநிலம் உடைய இவ்வளவு வசதியான மனிதர்கள், தங்கள் ஆட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து வந்து தங்கள் கையால் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அதன் சாரம். எண்ணிப் பாருங்கள். மேலிருப்பவர் எதையும் தம் கையால் செய்யமாட்டார் என்பது இந்தச் சமூகத்தின் வேலை விதி. அந்த விதி நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாட்சி சொன்னது. கையால் உழைக்காமை மதிப்பின் அடையாளம் என்பதோடு நில்லாமல், குற்றமின்மையின் அடையாளமாகவும் ஆனது.

அரைநாள் பள்ளி, நூறு நாள் வேலை

வேலையை மறுக்க வேறு வேலை தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் பள்ளிக்கூடம் எப்போதும் போர்க்களமாக இருந்தது. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் இயக்கம் அதைச் சரியாகப் பெயர் சொல்லி எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. வெட்டியான் மகன் அரைநாள் எந்தத் தொழிலைக் கற்றிருப்பான் என்று கேட்டாலே போதும். இட ஒதுக்கீட்டின் மேல் வீசப்படும் தகுதி, திறமை என்ற சொற்களுக்கு மாணவர்கள் பதில் சொல்லும்போது இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஒதுக்கீடு இந்த நாட்டில் 1950இல் தொடங்கவில்லை. சுடுகாடும் மலக்கூடையும் செத்த மாடும் அதற்கு வெகுகாலம் முன்பே முழுமையாக ஒதுக்கப்பட்டிருந்தன.

அரசியல் சட்டத்தின் 23ஆம் கூறு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமையும்கூடக் கட்டாயமே. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்பே. நம் அளவுகோலைச் சட்டம் ஏற்றுக்கொண்ட அரிய தருணம் அது.

கிராமத்தில் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். 2005 ஊரக வேலை உறுதிச் சட்டம், மக்கள் வாயில் நூறு நாள் வேலை. தமிழ்நாட்டில் அதில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மை பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி இருந்தது. பண்ணை வாசலில் நின்று கூப்பிட்டால் ஓடிவர வேண்டிய நிலை சற்று மாறியது. உடனே ஊரெல்லாம் ஒரு புலம்பல் கேட்டது: ஆள் கிடைப்பதில்லை, நூறு நாள் வேலை சனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டது. குளக்கரையில் வெயிலில் மண் வெட்டும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்பவர் யார் என்று பாருங்கள். அவர் கூப்பிட்ட கூலிக்கு அவள் வரவில்லை, அதுதான் குறை. 'சோம்பேறி' என்ற சொல்லுக்கு நம் ஊரில் பழைய பொருள் ஒன்று உண்டு: எனக்கு வேலை செய்ய மறுப்பவர்.

தூய்மைப் பணி: முடியாத கணக்கு

மறுக்கும் உரிமை இன்றும் மிகக் குறைவாக இருக்கும் வேலைக்கு வருவோம். உலர் கழிப்பறையை 1993 சட்டம் தடை செய்தது. பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்தது. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு கூடுகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள். இறக்கியவர் ஒப்பந்ததாரர், ஒப்பந்ததாரருக்குக் கீழே இன்னொருவர் என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே போகும். இறங்கியவரின் சாதி மட்டும் மாறாது.

2020இல் தமிழ்நாடு அரசு துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று பெயர் மாற்றியது. நல்ல சொல்தான். 2025 ஆகஸ்டில் அந்தத் தூய்மைப் பணியாளர்களே ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து, வேலைப் பாதுகாப்பு கேட்டு, சென்னை ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அப்போது நம் வட்டத்துக்குள்ளேயே ஒரு விவாதம் எழுந்தது. இந்த வேலையிலிருந்து நம் மக்கள் வெளியேற வேண்டும் என்று சொல்லும் நாம், அதில் அவர்களை நிரந்தரமாக்கு என்று கேட்பது சரியா?

இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. ஆனால் இதுவரை பார்த்த வரலாறு இதற்கு விடை தருகிறது. நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் உள்ள தாயின் மகள் கல்லூரிக்குப் போவாள். நாள் ஊதியத்தில் ஒப்பந்ததாரரிடம் இருக்கும் தாய் நோயில் படுத்தால், மகள்தான் அந்தத் துடைப்பத்தை எடுக்க வேண்டியிருக்கும். வதன் நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டே வதன் ஊழியத்தை விட வேண்டும் என்று அம்பேத்கர் கேட்டது இதனால்தான். வெளியேறும் வழி கையில் பிடிமானம் உள்ளவருக்கே திறக்கும். எனவே நிரந்தரமும் வெளியேற்றமும் எதிரெதிர் கோரிக்கைகள் இல்லை. பணியாளருக்கு நிரந்தரம், பணிக்கு இயந்திரம், பிள்ளைக்குப் படிப்பு, குடும்பத்துக்கு நகருக்குள் வீடு: நான்கையும் ஒன்றாகக் கேட்க வேண்டும். நகரின் நடுவிலிருந்து சேரியைப் பெயர்த்து வெகுதொலைவில் கொண்டுபோய்க் கொட்டுவது, டிரமென்ஹீர் எழுதிய மனைக் கயிற்றின் இன்றைய வடிவம்.

நம் முன் உள்ள வேலை

2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலுரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். சில நாட்களில் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலக வாசலில் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள் நம் மக்கள். இனி நாங்கள் தூக்கமாட்டோம் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதற்கு முன்பே தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் யாரோ ஒருவர் சாவுக்குப் பறையடிக்க மாட்டேன் என்றார். யாரோ ஒரு தாய், தன் மகனைப் பண்ணைக்கு அனுப்ப மாட்டேன் என்றாள். அதற்காக அடிபட்டார்கள், கடையில் சாமான் மறுக்கப்பட்டார்கள், ஊரை விட்டுப் போனார்கள். அரசு ஆவணத்தில் அவர்கள் பெயர் கிடையாது. இருந்தால் 'தகராறு செய்தவர்' என்று காவல் நிலையப் பதிவேட்டில் இருக்கும்.

மாணவர்களிடம் நாம் கேட்பது ஒன்று. உங்கள் ஊரில், உங்கள் சேரியில், முதன்முதலில் 'முடியாது' என்று சொன்னவர் யார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த வேலையை, அடுத்த நாள் என்ன நடந்தது, யார் சோறு போட்டார்கள், மனை யார் பேரில் இருந்தது என்று எழுதுங்கள். கடைசி இரண்டு கேள்விகளை விட்டுவிடாதீர்கள். துணிவு நம் மக்களுக்கு எப்போதும் இருந்தது. அந்தத் துணிவு நிலைத்த ஊருக்கும் முறிந்த ஊருக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பதில்களில் இருக்கும்.

செயற்பாட்டுத் தோழர்களிடம் கேட்பது இது. கூலி உயர்வு கேட்டு எழுதும் ஒவ்வொரு மனுவிலும் வீட்டுமனைப் பட்டாவும் கடன் நீக்கமும் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்தே இருக்கட்டும். அரைப்படி நெல் கேட்டவர்கள் இறந்து மூன்று ஆண்டுகளில் மனை உரிமைச் சட்டம் வந்தது. அந்த மனைக்கு இன்னும் பட்டா கிடைக்காத குடும்பங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. நாளை காலை தொடங்க வேண்டிய வேலை அதுதான்.